நலமறிய ஆவல்

ஆனி, ஆடி மாதங்களில் குற்றாலம் சென்றவர்கள் ஐந்தருவியைப் பார்க்காமல் திரும்பியிருக்க மாட்டார்கள். பேரருவியிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவுதான். திரிகூடமலையிலிருந்து இறங்கி வரும் நீர், பாறையின் விளிம்பில் ஐந்து கிளைகளாகப் பிரிந்து விழுகிறது. சாரல் முகத்தில் அடிக்கும். எண்ணெய் தேய்த்துக்கொண்டு வரிசையில் நிற்பவர்கள் பொறுமை இழந்து முண்டியடிப்பார்கள். குளித்துவிட்டு ஈரத்துணியோடு வெளியே வருபவரைக் கேட்டுப் பாருங்கள். "மனசே லேசாகிவிட்டது" என்பார்.

இந்தச் சொல்லைத்தான் நாம் இங்கே சற்று ஆராயப் போகிறோம். உடம்பு லேசானது என்று அவர் சொல்லவில்லை. மனசு லேசானது என்கிறார். குற்றால நீர் தொடர்ந்து தலையில் விழுந்தால் கலங்கிய சித்தம் தெளியும் என்பது தென்பாண்டிச் சீமையில் தலைமுறை தலைமுறையாக இருந்து வரும் நம்பிக்கை. சிறு வயதில் பெரியவர்கள் சொல்ல நானும் கேட்டதுண்டு. மூலிகைகளின் சாரம் நீரில் கலந்து வருவதே காரணம் என்று விளக்கமும் சொல்வார்கள்.

குளிர்ந்த நீர் திடீரென்று தோலில் பட்டால் மூச்சு விரைவாகிறது, இதயம் வேகமாகத் துடிக்கிறது, உடல் விழித்துக்கொள்கிறது. மேலிருந்து விழும் நீரின் எடை, தோளையும் பிடரியையும் பிடித்துவிட்டது போல இறுக்கத்தைத் தளர்த்துகிறது. அந்தச் சில நிமிடங்களுக்கு வேறு எதையும் நினைக்க முடிவதில்லை. ஆகவே மனசு லேசாவது பொய்யல்ல. ஆனால் ஆழ்ந்த மனச்சோர்வோ மனச்சிதைவோ அருவியில் குளித்ததால் குணமாகும் என்பதற்கு மருத்துவச் சான்று கிடையாது.

நீரைத் தலையில் கொட்டி மனத்தைத் தெளிய வைக்கலாம் என்று நினைத்தவர்கள் நாம் மட்டுமல்ல. இங்கிலாந்தில் லிங்கன்ஷயர் மாவட்டத்தில் பாஸ்டன் என்னும் ஊரில் பாட்ரிக் பிளேர் என்ற மருத்துவர் இருந்தார். மனம் கலங்கியவர்களை நீர்வீழ்ச்சியால் குணப்படுத்துவது பற்றி அவர் 1725-ஆம் ஆண்டில் எழுதினார். அங்கே மலையருவி கிடையாது. எனவே 35 அடி உயரத்திலிருந்து நீர் விழும்படி ஓர் ஏற்பாடு செய்தார். கணவனோடு வாழ மறுத்த ஒரு பெண்ணை நாற்காலியில் கட்டிவைத்து, அவள் பணிந்து நடப்பதாக வாக்குக் கொடுக்கும் வரை தலையில் நீரைக் கொட்டச் செய்தார். அவர் இதைச் சிகிச்சை என்றே கருதினார். அந்தப் பெண் என்ன கருதினாள் என்பதை யாரும் எழுதி வைக்கவில்லை. அவளுக்கு என்ன குறை என்று உட்கார்ந்து கேட்டதாகவும் தெரியவில்லை.

இதே லிங்கன்ஷயர் நம் வரலாற்றில் இன்னொரு முறை வரும். அதற்குள் நம் ஊர்ப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிடுவோம்.

இரண்டு இடங்கள்

தமிழ்நாட்டின் சிற்றூர் ஒன்றில் முத்துசாமி கோயில் என்று ஓர் இடம். மனநோயாளிகளை அங்கே அழைத்து வந்து தங்க வைப்பது வழக்கம். பெங்களூர் தேசிய மனநல, நரம்பியல் அறிவியல் நிலையத்தைச் சேர்ந்த ரகுராமும் அவருடைய குழுவினரும் அங்கு தங்கிய 31 பேரைக் கவனித்து, 2002-இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். வந்தவர்கள் சராசரியாக 6 வாரம் தங்கினார்கள். மருந்து எதுவும் இல்லை. பெரிய சடங்குகளும் இல்லை. கோயிலில் சிறு சிறு வேலைகள் செய்துகொண்டிருந்தார்கள். இருந்தும் நோயின் கடுமையை அளக்கும் அளவுகோலில் ஏறத்தாழ 20 சதவீதம் குறைவு காணப்பட்டது. அச்சுறுத்தாத, ஆதரவான சூழல்தான் இதைச் செய்தது என்பது ஆய்வாளர்களின் கருத்து.

அதற்கு முந்தைய ஆண்டு, 2001 ஆகஸ்டு 6-ஆம் நாள் விடியற்காலையில், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் ஒரு கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே மனநோயாளிகள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். அவர்களும் குணமாவதற்காக ஒரு புனிதத் தலத்துக்கு அழைத்து வரப்பட்டவர்கள்தாம். கோயில், தர்கா, அருவி என்ற இடத்தின் பெயரால் மட்டும் ஒன்றும் ஆகிவிடுவதில்லை. அங்கே கொண்டுவந்து விட்ட பிறகு ஒருவர் பக்கத்தில் இருக்கிறாரா, சங்கிலி இருக்கிறதா என்பதில்தான் வேறுபாடு. மனநோயாளிகளைச் சங்கிலியால் பிணைப்பது 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தால் முற்றிலும் தடை செய்யப்பட்டது.

ஆஸ்பத்திரிகள் இல்லாமல் இல்லை. சென்னையில் 1794-லேயே மனநோயாளிகளுக்கென்று ஒரு விடுதி தொடங்கப்பட்டது. அதன் வழிவந்ததே 1871-இல் கீழ்ப்பாக்கத்தில் அமைந்த மருத்துவமனை. ஆனால் தென்காசியிலிருந்து சென்னை 600 கிலோமீட்டருக்கு மேல். மாவட்டந்தோறும் மனநலச் சேவையைக் கொண்டு செல்லும் அரசுத் திட்டம் 1996-இல் தொடங்கியபோது முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட நான்கு மாவட்டங்களில் திருச்சியும் ஒன்று. அது மெல்ல மெல்லத்தான் மற்ற மாவட்டங்களுக்குப் பரவியது. 2015-16-இல் நடந்த தேசிய மனநல ஆய்வின்படி, மனநலச் சிகிச்சை தேவைப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு அது கிடைக்கவில்லை. நோயின் வகைக்கேற்ப இந்த இடைவெளி ஏறத்தாழ 70 முதல் 92 சதவீதம் வரை இருந்தது. 13 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 100-க்கு 7 பேருக்கு ஏதாவதொரு மனநலப் பாதிப்பு இருந்ததாகவும் அதே ஆய்வு கண்டது.

கிலோமீட்டரால் அளக்கக்கூடிய தூரம் ஒன்று. அளக்க முடியாத தூரம் இன்னொன்று. 16 வயதுப் பெண், மனம் சரியில்லை என்று தன் தெருவிலிருந்து கிளம்பி ஆஸ்பத்திரிக்குப் போக முடியுமா? நாலு பேர் என்ன சொல்வார்கள்? இந்த இரண்டாவது தூரத்தைக் கடக்க உதவிய முதல் கருவி தொலைபேசி.

மான்ஷன் ஹவுஸ் 9000

லிங்கன்ஷயர் மீண்டும் வருகிறது. 1935-இல் லிங்கன் நகரில் சாட் வாரா என்ற இளம் பாதிரியார் முதன்முதலாக நடத்திவைத்த இறுதிச் சடங்கு, 14 வயதுச் சிறுமி ஒருத்தியினுடையது. அவள் பூப்படைந்திருந்தாள். அது என்னவென்று அவளுக்குத் தெரியாது. யாரும் சொல்லவும் இல்லை. கொடிய நோய் வந்துவிட்டது என்று அஞ்சித் தன் உயிரை மாய்த்துக்கொண்டாள். யாரையாவது ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அவள் பிழைத்திருப்பாள் என்ற எண்ணம் வாராவை விட்டு அகலவே இல்லை.

18 ஆண்டுகள் கழித்து, 1953 நவம்பரில், லண்டனில் தம் தேவாலயத்துத் தொலைபேசியை இதற்கென்று ஒதுக்கினார். எண், மான்ஷன் ஹவுஸ் 9000. மனம் ஒடிந்தவர்கள் எந்த நேரத்திலும் கூப்பிடலாம் என்று அறிவித்தார். பத்திரிகைகள் எழுதின; அழைப்புகள் குவிந்தன; நேரிலும் ஆட்கள் வந்தார்கள். ஒருவரால் சமாளிக்க முடியவில்லை. எனவே, காத்திருப்பவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுக்கொடுக்கச் சில தொண்டர்களை அமர்த்தினார்.

பிறகு நடந்ததை அவரே எதிர்பார்க்கவில்லை. தேநீர் கொடுத்தவரிடம் பேசிக்கொண்டிருந்தவர்களில் பலர், பாதிரியாரைப் பார்க்காமலேயே நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்! அவர்களுக்கு வேண்டியிருந்தது அறிவுரை அல்ல. குறுக்கே பேசாமல் கேட்கும் ஒரு செவி. இதைப் புரிந்துகொண்ட வாரா, 1954 பிப்ரவரியில் தொலைபேசியையே தொண்டர்களிடம் ஒப்படைத்துவிட்டார். 'சமாரிட்டன்ஸ்' இயக்கம் இப்படித்தான் பிறந்தது. விஞ்ஞானத்தில் ஒன்றைத் தேடப்போய் வேறொன்றைக் கண்டுபிடித்த கதைகள் உண்டல்லவா? இதையும் அந்த வரிசையில் வைக்கலாம் என்பது என் எண்ணம்.

இதே நோக்கத்தோடு சிட்னியில் 1963-இலும், நம் அண்டை நாடான இலங்கையில் 'சுமித்ரயோ' என்ற பெயரில் 1974-இலும் அமைப்புகள் தோன்றின. சிங்களத்தில் அந்தச் சொல்லுக்கு நல்ல நண்பர்கள் என்று பொருள்.

1986

இந்த வரலாற்றில் 1986 ஒரு தனி ஆண்டு. ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று நிகழ்ச்சிகள் அந்த ஓராண்டில் நடந்தன.

சென்னையில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 'ஸ்நேகா' என்ற தற்கொலைத் தடுப்பு மையத்தைத் தொடங்கினார். இங்கிலாந்தில், துன்பத்திலிருக்கும் குழந்தைகள் தாங்களே கூப்பிட்டுப் பேசுவதற்காக 'சைல்டுலைன்' தொடங்கப்பட்டது. அமெரிக்காவில் கார்னெல் பல்கலைக்கழகத்து மாணவர்கள், கல்லூரிக் கணிப்பொறி முனையங்களில் ஒரு புதிய வசதியைக் கண்டார்கள். அதன் பெயர் 'எஸ்ரா மாமாவைக் கேளுங்கள்'. பல்கலைக்கழகத்தை நிறுவிய எஸ்ரா கார்னெலின் பெயரை வைத்திருந்தார்கள். மாணவர் தம் பெயரைச் சொல்லாமலே கேள்வியைத் தட்டச்சு செய்யலாம். பல்கலைக்கழகத்தின் ஆலோசகர்கள் 'மாமா'வின் குரலில் பதில் எழுதுவார்கள். கேள்வியும் பதிலும் எல்லாருடைய பார்வைக்கும் வைக்கப்பட்டன.

இணையம் பொதுமக்களுக்கு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்னால் நடந்தது இது. இளைஞர்களுக்கான கணிப்பொறி வழி மனநல உதவியின் தொடக்கமாக இதையே பலரும் குறிப்பிடுகிறார்கள். இதில் ஒரு நுட்பம் இருப்பதைக் கவனியுங்கள். காதலில் தோற்றவன் ஒருவன் கேட்டால், அதே நிலையிலிருந்து கேட்கத் துணியாத பத்துப் பேர் அதைப் படித்துவிட்டுப் போகலாம். 'நமக்கு மட்டும்தான் இப்படி' என்ற எண்ணம் அங்கேயே பாதி உடைந்துவிடும்.

ஸ்நேகாவின் பணி இதைவிடக் கடினமானது. அப்போது இந்தியாவில், இறக்க முயன்று பிழைத்தவர் சட்டத்தின் கண்ணில் குற்றவாளி. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு அப்படிச் சொன்னது. போலீஸ் வழக்குக்குப் பயந்து குடும்பங்கள் நடந்ததை மறைத்தன. மறைத்தால் சிகிச்சை எங்கிருந்து வரும்? மனநலப் பராமரிப்புச் சட்டம் 2018-இல் நடைமுறைக்கு வந்தபோதுதான் இதற்கு விடிவு பிறந்தது. அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று அந்தச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு கூறுகிறது. 309-ஆம் பிரிவு, 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் இடம்பெறவில்லை.

பரீட்சை முடிவுகள் வெளியாகும் நாள்களைத் தமிழ்நாட்டு மாணவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஒரு பாடத்தில் தவறியவர் மறுபடி எழுத நெடுநாள் காத்திருக்க வேண்டும் என்ற நிலை இருந்தது. கூடப் படித்தவர்கள் கல்லூரிக்குப் போய்விடுவார்கள். ஸ்நேகா அமைப்பினர் இதை அரசிடம் எடுத்துச் சொன்னார்கள். 2000-களின் தொடக்கத்தில், தவறிய பாடத்தை உடனே எழுத வாய்ப்பளிக்கும் சிறப்புத் துணைத் தேர்வு வந்தது. ஆண்டு வீணாகாது என்ற நிலை ஏற்பட்டது. மனநல உதவி என்றவுடன் மருந்து, ஆலோசனை என்றே நினைக்கிறோம். ஒரு பரீட்சை அட்டவணையை மாற்றுவதும் அதில் சேரும்.

ஒரு பழைய கடிதப் பழக்கம்

கடிதம் எழுதுவோர் அருகிவிட்டார்கள். எழுதிய காலத்தில் நம் வீட்டுக் கடிதங்களின் முதல் வரி ஏறக்குறைய ஒன்றேதான்: நலம், நலமறிய ஆவல். இது வெறும் சம்பிரதாயம் என்று பலர் கேலி செய்ததுண்டு. இந்தச் சம்பிரதாயத்தை ஒருவர் விஞ்ஞான முறைப்படி சோதித்துப் பார்த்திருக்கிறார் என்றால் வியப்பாக இருக்கும்.

அவர் சான் பிரான்சிஸ்கோவில் மனநல மருத்துவராக இருந்த ஜெரோம் மோட்டோ. இரண்டாம் உலகப் போரில் படைவீரராக இருந்தபோது, ஓர் இளம்பெண் பதிலை எதிர்பார்க்காமல் அவருக்குக் கடிதங்கள் எழுதிவந்தாள். அவை தமக்கு எவ்வளவு பலம் தந்தன என்பதை அவர் மறக்கவில்லை. மன நெருக்கடியால் மருத்துவமனையில் சேர்ந்து, வீடு திரும்பிய பின் தொடர்ந்து சிகிச்சைக்கு வர மறுத்தவர்கள் 843 பேரை எடுத்துக்கொண்டார். குலுக்கல் முறையில் அவர்களை இரண்டாகப் பிரித்தார். ஒரு பிரிவினருக்குச் சிறு கடிதங்கள் போயின. முதலில் மாதம் ஒன்று; பிறகு இரண்டு மாதத்துக்கு ஒன்று; அதன்பின் மூன்று மாதத்துக்கு ஒன்று. 5 ஆண்டுகளில் 24 கடிதங்கள். நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம், எழுத விரும்பினால் எழுதுங்கள் என்பதே சாரம். அறிவுரை இல்லை, வா என்ற வற்புறுத்தல் இல்லை. மற்றப் பிரிவினருக்கு எதுவும் அனுப்பவில்லை. கடிதம் பெற்றவர்களிடையே, குறிப்பாக முதல் 2 ஆண்டுகளில், தற்கொலை மரணங்கள் குறைவாக இருந்தன. முதல் முடிவுகள் 1976-இலும் முழு விவரங்கள் 2001-இலும் வெளிவந்தன.

உலக சுகாதார நிறுவனம் இதே கருத்தை ஐந்து நாடுகளில் சோதித்தது. அவற்றில் சென்னையும் கொழும்பும் இருந்தன. பிரேசில், ஈரான், சீனா ஆகிய நாடுகளின் நகரங்கள் மற்றவை. உயிரை மாய்க்க முயன்று மருத்துவமனைக்கு வந்த 1,867 பேர் இதில் பங்கு பெற்றார்கள். ஒரு சாராருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மற்றவர்களுக்கு, வீடு திரும்புமுன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசி விளக்கம் தந்தார்கள். பிறகு 18 மாதங்களில் 9 முறை தொலைபேசியிலோ நேரிலோ நலம் விசாரித்தார்கள். 18 மாத முடிவில் முதல் பிரிவில் 2.2 சதவீதத்தினர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். நலம் விசாரிக்கப்பட்ட பிரிவில் 0.2 சதவீதம். 2008-இல் வெளிவந்த இந்த முடிவு மருத்துவ உலகை நிமிர்ந்து பார்க்க வைத்தது. பிற்பாடு வேறு இடங்களில் நடந்த ஆய்வுகள் எல்லாமே இவ்வளவு பெரிய பலனைக் காட்டவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். மருத்துவமனைகள் நெருக்கமாக இல்லாத நாடுகளில் இதன் மதிப்பு அதிகம் என்று கருத இடமிருக்கிறது.

திரைக்கு அந்தப் பக்கம் யார்?

சமாரிட்டன்ஸ் இயக்கம் 1994-இலேயே மின்னஞ்சல் வழியாக உதவத் தொடங்கியது. ஆஸ்திரேலியாவில் 1990-களின் கடைசியில் இளைஞர்களுக்கென்றே 'ரீச் அவுட்' என்ற இணையச் சேவை பிறந்தது. பின்னர் குறுஞ்செய்தி, உடனுக்குடன் எழுதிப் பேசும் அரட்டை, காணொளி என்று வழிகள் பெருகின.

வாயால் சொல்ல முடியாததைக் கையால் எழுதிவிட முடிகிறதே, அது ஏன்? ஜான் சூலர் என்ற அமெரிக்க உளவியலாளர் 2004-இல் இதை ஆராய்ந்து எழுதினார். நம் பெயர் மறைந்திருக்கிறது, முகம் தெரிவதில்லை, எதிரில் இருப்பவர் முகம் சுளிப்பதையும் நாம் பார்ப்பதில்லை, பதிலை அப்போதே சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை. தடைகள் தளர்கின்றன. இதே காரணங்களால்தான் இணையத்தில் முன்பின் தெரியாதவர்களைக் கண்டபடி ஏசவும் செய்கிறார்கள் என்பதையும் அவர் குறிப்பிடத் தவறவில்லை.

நல்ல அரட்டைச் சேவை ஒன்றில் என்ன நடக்கும் என்று பார்ப்போம். 'வாழ்க்கையே வெறுத்துவிட்டது' என்று ஒரு மாணவர் எழுதுகிறார். அந்தப் பக்கம் இருப்பவர் பயிற்சி பெற்றவர். 'இதற்கெல்லாம் கவலைப்படலாமா?' என்று அவர் எழுத மாட்டார். எழுதினால் உரையாடல் அதோடு முடிந்துவிடும். சொன்னதைத் தாம் புரிந்துகொண்ட விதத்தில் திருப்பிச் சொல்வார். எப்போதிலிருந்து இப்படி என்று கேட்பார். பிறகு, சுற்றி வளைக்காமல், உயிரை விட்டுவிட வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று கேட்பார். இப்படிக் கேட்பது இல்லாத எண்ணத்தை விதைத்துவிடும் என்று பெற்றோரும் ஆசிரியர்களும் அஞ்சுகிறார்கள். ஆய்வுகள் அப்படிக் காட்டவில்லை. வெளிப்படையாகக் கேட்கப்படுவது பலருக்கு ஆறுதலாகவே இருக்கிறது. ஆபத்து அருகில் இருப்பதாகத் தெரிந்தால், அன்று இரவு அவருடன் யார் இருக்க முடியும் என்று கண்டறிந்து, மருத்துவரிடம் சேர்ப்பிப்பார்.

அந்தப் பக்கம் இருப்பது ஆளே இல்லாமல் எந்திரமாக இருந்தால்? இந்தக் கேள்வி நீங்கள் நினைப்பதைவிடப் பழையது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிலையத்தில் ஜோசப் வைசன்பாம் 1966-இல் 'எலிசா' என்ற கணிப்பொறி நிரலை வெளியிட்டார். மனநல மருத்துவர் பேசுவது போல அது நடிக்கும். 'என் அம்மாவுக்கு என்னைப் பிடிக்காது' என்று எழுதினால், 'உங்கள் குடும்பத்தைப் பற்றிச் சொல்லுங்கள்' என்கிற பாணியில் திருப்பிக் கேட்கும். சொற்களைப் பிடித்து மாற்றிப்போடும் வித்தைதான், புரிதல் கிடையாது. ஆனால் இது எல்லாம் தெரிந்த அவருடைய செயலாளரே, எலிசாவுடன் சிறிது நேரம் பேசிய பிறகு, தன்னைத் தனியாக விட்டுவிட்டு வெளியே போகும்படி அவரைக் கேட்டுக்கொண்டாராம். வைசன்பாம் இதில் பெருமைப்படவில்லை. பயந்துபோனார்.

அந்தப் பயம் வீண் அல்ல என்பதை 2023-இல் அமெரிக்காவில் கண்டார்கள். உணவுப் பழக்கக் கோளாறுகளால் அவதிப்படுவோருக்கான ஒரு சங்கம், நெடுநாள் நடத்திவந்த தொலைபேசிச் சேவையை மூட முடிவு செய்தது. 'டெஸ்ஸா' என்ற உரையாடும் நிரல் மட்டும் மிஞ்சும் என்றிருந்தது. உடல் மெலியத் துடித்து அதனாலேயே நோயுற்றவர்களுக்கு, எடையைக் குறைக்கும் வழிகளை அது எடுத்துச் சொல்லிவிட்டது! உடனே அதை நிறுத்த வேண்டியதாயிற்று. ரகசியம் பற்றியும் ஒரு பாடம் உண்டு. அமெரிக்காவின் பெரிய குறுஞ்செய்தி உதவி அமைப்பு ஒன்று, பெயர்கள் நீக்கப்பட்ட உரையாடல்களைத் தன்னோடு தொடர்புடைய வணிக நிறுவனத்துக்குக் கொடுத்தது 2022-இல் வெளியாயிற்று. எதிர்ப்பு எழுந்ததும் கைவிட்டார்கள். எந்திரம் ஒரு துணையாக இருக்கலாம். இரவு 2 மணிக்கு உறக்கம் வராதவருக்கு மூச்சுப் பயிற்சி சொல்லித் தரலாம். நலமறிய 'ஆவல்' கொள்வது அதனால் இயலுமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு.

14416

நம் நாட்டில் இதற்கான அடித்தளம் சிறிது சிறிதாக இடப்பட்டது. சென்னையில் சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனமான 'ஸ்கார்ஃப்', 2010 வாக்கில் புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமங்களுக்கு ஒரு பேருந்தை அனுப்பியது. உள்ளே ஒரு திரை, சென்னையில் மருத்துவர், கிராமத்தில் நோயாளி. மருந்தும் அந்தப் பேருந்திலேயே கிடைக்கும். தமிழ்நாடு அரசின் 104 மருத்துவ உதவி எண் 2013-இன் இறுதியில் தொடங்கியது. கொரோனா ஊரடங்கின் போது, 2020 மார்ச்சு 25-ஆம் நாள், மருத்துவர்கள் தொலைபேசியிலும் காணொளியிலும் சிகிச்சை தருவதற்கான விதிமுறைகளை மத்திய அரசு வெளியிட்டது.

2021 செப்டம்பரில் நீட் தேர்வை ஒட்டித் தமிழ்நாட்டில் மாணவர்கள் சிலர் உயிரிழந்தார்கள். அப்போது அரசு ஒரு காரியம் செய்தது. உதவி எண்ணை அறிவித்துவிட்டுக் காத்திருக்காமல், தேர்வு எழுதிய 1 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களைத் தானே தொலைபேசியில் கூப்பிட்டு மனநல ஆலோசனை வழங்க ஏற்பாடு செய்தது. மோட்டோவின் கடிதம் நினைவுக்கு வரவில்லையா? உதவி வேண்டும் என்று கேட்கத் தெம்பில்லாதவரை, உதவியே தேடிப் போய் நலம் கேட்டது.

2022 அக்டோபர் 10-ஆம் நாள், உலக மனநல நாளன்று, மத்திய அரசின் 'டெலி மானஸ்' தொடங்கியது. பெங்களூரிலுள்ள தேசிய நிலையம் இதற்குத் தலைமையகம். 14416 என்ற எண்ணை எந்த நேரத்திலும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழ் உட்பட 20 மொழிகளில் பேசலாம். முதலில் பயிற்சி பெற்ற ஆலோசகர் பேசுவார். தேவையானால் மனநல மருத்துவரிடம் இணைப்பார். அதே மாதம் தமிழ்நாட்டில் 'நட்புடன் உங்களோடு' என்ற பெயரில் இதே எண்ணில் சேவை தொடங்கியது. 2024-இல் கைபேசிச் செயலியும் காணொளி ஆலோசனையும் சேர்ந்தன. 2025-இன் நடுப்பகுதிக்குள் நாடு முழுவதும் வந்த அழைப்புகள் 20 லட்சத்தைத் தாண்டின.

ஆனால் இன்னொரு கணக்கும் உண்டு. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ஆம் ஆண்டுப் புள்ளிவிவரப்படி இந்தியாவில் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர். அவர்களில் 13,044 பேர் மாணவர்கள். மாநிலங்களில் மகாராஷ்டிரத்துக்கு அடுத்தபடியாகத் தமிழ்நாடு, 19,834 பேர்.

எண் இருக்கிறது, செயலி இருக்கிறது, தமிழிலும் பேசலாம். இவற்றுக்கும் ஒரு மாணவிக்கும் நடுவில் மிச்சமிருக்கும் தூரம் என்ன? 2023-இல் நாட்டின் கிராமப்புறங்களில் 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களிடம் 'ஏசர்' என்ற கல்வி ஆய்வு நடந்தது. ஏறத்தாழ 90 சதவீத வீடுகளில் திறன்பேசி இருந்தது. ஆனால் அதை இயக்கத் தெரிந்த பையன்களில் 43.7 சதவீதத்தினரிடம் சொந்தக் கைபேசி இருக்க, பெண்களில் 19.8 சதவீதத்தினரிடமே இருந்தது. மற்றவர்கள் அப்பாவிடமோ அண்ணனிடமோ கேட்டு வாங்க வேண்டும். எதற்கு என்று அவர்கள் கேட்பார்கள். வாங்கினாலும் இரண்டு அறை வீட்டில் எந்த மூலையில் நின்று பேசுவது? பேசி முடித்த பின் அழைப்புப் பட்டியலில் அந்த எண் இருக்குமே?

திறன்பேசி இல்லாவிட்டாலும் 14416-ஐச் சாதாரணப் பொத்தான் கைபேசியிலிருந்தே அழைக்கலாம். அழைப்புக்குக் கட்டணம் இல்லை. பள்ளித் தலைமையாசிரியர் அறையிலோ, பேசப் பிடித்த ஓர் ஆசிரியையின் கைபேசியிலோ, பக்கத்து வீட்டு அக்காவிடமோ கேட்டும் பேசலாம். பெயரைச் சொல்லத்தான் வேண்டும் என்பதில்லை. மறுமுனையில் முதலில் கேட்பது, எந்த மொழியில் பேச விரும்புகிறீர்கள் என்பதுதான்.